பெயர் பொறித்த கல்

பழனிமலைத் தொடரின் நடுச்சரிவுகளில், பெருமாள்மலையையும் தாண்டிக்குடியையும் சூழ்ந்த காப்பித் தோட்டங்களின் ஊடே நடந்து செல்லும் பிரயாணி, நான்கு புறமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றி, ஒரு மனிதன் குனிந்து நுழையக்கூட இடம் போதாத சிறு வீடுகளைப் போல அமைந்த புராதனச் சின்னங்களை இன்றும் அங்கங்கே காணலாம். கல்திட்டைகள் என்று ஆராய்ச்சியாளர் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். செண்பகனூரில் வாழ்ந்த யேசு சபைத் துறவியான ஆங்கிளாடு அடிகளாரும் நியூட்டன் என்பவரும் இம்மலைகளில் அலைந்து திரிந்து அவற்றை அளந்து, படம் வரைந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. மாண்டவர்களின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டவை அவை என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. எவ்வளவு பேர் கூடி எத்தனை நாள் பாடுபட்டு அந்தக் கற்களைப் பெயர்த்து மலையேற்றினார்களோ, எந்தத் தந்தைக்காக, எந்த மகனுக்காக அவ்வளவு பிரயாசை எடுத்தார்களோ, நமக்குத் தெரிய வழியில்லை. ஏனென்றால் அந்தக் கற்களில் பெயர் இல்லை. பெயர் இல்லாமற் போனதால், பின்னால் வந்த ஜனங்கள் தம் கற்பனைக்கு எட்டியவரை ‘பாண்டவர் வீடு’ என்றும் ‘குள்ளர் வீடு’ என்றும் அவற்றை அழைக்கலாயினர். அழுது புலம்பி நிறுத்திய கல் கதைப் பொருளாகிவிட்டது.

இதே மலைகளுக்குத் தெற்கே, வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்தவை. 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் உயிர்நீத்த அந்தவன் என்பவனுக்காக நாட்டப்பட்ட கல். அவன் அரசனல்லன், அவன் மீது யாரும் காவியம் பாடியதாகத் தெரியவில்லை. மாட்டு மந்தைக்காக நடந்த ஒரு சில்லறைச் சண்டையில் விழுந்த சாதாரண மனிதன். ஆயினும் அவனுடைய ஊரார் ஒரு கல்லைத் தேடி எடுத்து, உளியால் அவன் பெயரை வெட்டி வைத்தமையால், இன்று இக்கட்டுரையைப் படிக்கும் உங்கள் நாவில் அந்தப் பெயர் ஒரு கணம் உயிர்பெறுகிறது.

அஞ்சலி என்பதைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த இரண்டு கற்களுக்கும் இடையே உள்ள தூரத்தில் அடங்கியிருக்கிறது.

கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலின் வடக்கு விளிம்பில் நின்றால், மேகம் விலகிய நாட்களில், பாதாளம் போன்ற சரிவுக்குக் கீழே பழனிக் குன்றும் அதற்கப்பால் விரிந்து கிடக்கும் கொங்குச் சமவெளியும் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சமவெளியின் மேற்குக் கோடியில் இருப்பது கோயம்புத்தூர். தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து அந்த நகரத்திலிருந்தும் அதைச் சுற்றிய கிராமங்களிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் பழனிக்குக் கால்நடையாக வருகிறார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களோ பிள்ளைகளின் படிப்புக்கும், ஆலை வேலைக்கும், தீராத வியாதிக்கு வைத்தியத்துக்கும் அந்த நகரத்தை நாடிப் போகின்றன. ஆகவே 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி, சனிக்கிழமை, அங்கே நடந்த சம்பவம் இந்த மலைக்கு வேற்றூர்ச் செய்தியாக வரவில்லை. அன்று மாலை வானொலிப் பெட்டியின் முன் கூடியவர்களில், கோவையில் தம்மவர் ஒருவரேனும் இல்லாதவர் குறைவு. இன்று எல்லோர் கையிலும் இருக்கும் தொலைபேசி அன்று இல்லை; ஒரு குரலைக் கேட்பதற்காக இரவெல்லாம் பொதுத் தொலைபேசிக் கூண்டின் வாயிலில் காத்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணைச் சுழற்றுவதும், மறுமுனையில் மணி அடிக்காமல் இரைச்சல் மட்டும் கேட்பதும், சீட்டில் எழுதிய எண்ணை மறுபடி சரிபார்ப்பதுமாக அந்த இரவு கழிந்தது.

நடந்தது இதுதான். நாடாளுமன்றத் தேர்தல் காலம். பாரதிய ஜனதா கட்சித் தலைவர் எல்.கே. அத்வானி ஆர்.எஸ்.புரத்தில் பொதுக்கூட்டத்தில் பேசுவதாக ஏற்பாடு. அவர் வரவேண்டிய விமானம் தாமதமாயிற்று. பிற்பகல் 3.50 மணி அளவில், கூட்டத் திடலுக்கு மிக அருகே, சண்முகம் சாலையில் முதல் குண்டு வெடித்தது. அதிலிருந்து தொடங்கி நகரின் 11 இடங்களில், கடைவீதியிலும், ரயில் நிலையத்து வாகனம் நிறுத்துமிடத்திலும், காயம்பட்டவர்களைக் கொண்டு சேர்க்க வேண்டிய அரசு மருத்துவமனை வளாகத்திலுங்கூட, குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. 58 பேர் மாண்டனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வெடிமருந்து நிரப்பிய ஒரு கார் ஆர்.எஸ்.புரத்திலேயே வெடிக்காமல் நின்றது. சுற்றுவட்டாரத்து ஜனங்களை வெளியேற்றி, நாட்கணக்கில் பாடுபட்டு அதைச் செயலிழக்கச் செய்த நிபுணர்கள் காப்பாற்றிய உயிர்கள் எத்தனை என்பதை எண்ணிச் சொல்ல முடியாது.

‘அல் உம்மா’ என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் இக்கொடுஞ்செயலைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்பது விசாரணையில் நிலைநாட்டப்பட்டது. தனி நீதிமன்றத்தில் 2002-ல் தொடங்கிய விசாரணையில் ஏறத்தாழ 1,300 சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, 2007-ல் தீர்ப்பு வெளியாகி, 158 பேர் குற்றவாளிகள் என்று முடிவு செய்யப்பட்டது. இவையெல்லாம் பத்திரிகைகளில் விரிவாக வந்தவை. ஆனால் கடந்த ஆண்டுகளில் இச்சம்பவத்தைப் பற்றி நாம் படித்தவற்றை நினைவில் கூட்டிப் பார்த்தால், நமக்கு ஞாபகம் இருக்கும் பெயர்கள் யாருடையவை? வரவிருந்த தலைவரின் பெயர், குற்றஞ்சாட்டப்பட்ட இயக்கத் தலைவர்களின் பெயர்கள், விடுதலையானவர்களின் பெயர்கள், விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை வகித்த நீதிபதியின் பெயர். மாண்ட 58 பேரில் ஒருவருடைய பெயரையாவது நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அவர்கள் ஒரு தொகையாகிவிட்டார்கள். பலகாரம் வாங்கப் போன தாயும், வார்டில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போனவரும், பேச்சுக் கேட்கும் ஆசையில் முன்னாலேயே வந்து இடம் பிடித்த இளைஞனும் சேர்ந்து 58 என்ற எண்ணாகிவிட்டார்கள். இதைத்தான் நான் இரண்டாவது மரணம் என்று கருதுகிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிப்ரவரிக்கு முன்னே ஒரு நவம்பர் இருந்தது. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலையுண்டார், அதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர், கடைகள் எரிந்தன. ஒரு பாதகம் மற்றொரு பாதகத்தை நியாயமாக்கிவிடாது. நவம்பரில் நடந்ததைக் காட்டிப் பிப்ரவரிக் குண்டுகளுக்குக் காரணம் கற்பிப்பவர் யாராயினும், அவர் மாண்டவர்களுக்கு அபசாரம் செய்பவரே. ஆனால் அதே மூச்சில் சொல்கிறேன்: கொலையுண்ட அந்தக் காவலருக்கும், அந்த 18 பேருக்கும் துக்கப்பட மறுக்கும் அஞ்சலி, பாதி அஞ்சலிதான். ஆண்டுதோறும் பிப்ரவரி 14-ல் ஆர்.எஸ்.புரத்தில் மலர்தூவி வணங்குகிறார்கள். செய்பவர்களின் துக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. எனினும், எந்தக் கட்சிக் கொடியின் நிழலும் விழாத ஓரிடத்தில், நகரம் முழுதும் தன் நகரத்தாராகவே கருதி அவர்களை வணங்கும் நாளாக அது ஆகவேண்டும் என்பதே என் ஆசை. பிணத்துக்குக் கட்சி இல்லை. அதைச் சுற்றி அழுகிறவளுக்கும் அந்த நேரத்தில் கட்சி இல்லை.

இம்மலை அபாயத்துக்கு முற்றிலும் அப்பாற்பட்டு இருந்துவிட்டது என்றும் எண்ணிவிட வேண்டாம். கொடைக்கானலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வட்டக்கானலுக்கு, தம் நாட்டில் கட்டாய ராணுவச் சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்களும் யுவதிகளும் பல ஆண்டுகளாக வந்து தங்குகிறார்கள்; ‘குட்டி இஸ்ரேல்’ என்றே அந்தச் சிற்றூருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. வாடகை அறை விடுபவர், ரொட்டி சுட்டு விற்பவர், ஜீப் ஓட்டுபவர் என்று அங்குள்ள பல குடும்பங்களின் ஜீவனம் அவர்கள் வருகையை நம்பியிருக்கிறது. 2016 அக்டோபரில் கேரளத்துக் கனகமலையில் தேசியப் புலனாய்வு முகமையினர் ஒரு குழுவினரைக் கைது செய்தபோது, வட்டக்கானலில் தங்கும் அந்த யாத்ரிகர்களைத் தாக்குவதும் அக்குழுவின் திட்டங்களில் ஒன்று என்ற செய்தி வெளியாயிற்று. 2019-ல் கொச்சி நீதிமன்றம் அவ்வழக்கில் ஆறு பேருக்குத் தண்டனை விதித்தது. நடக்காமற் போனதால் நாம் அதை மறந்துவிட்டோம். நடந்திருந்தால், மாண்டவர்களில் அயல்நாட்டாரோடு, காலையில் அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்த நம்மூர்ப் பையனும் இருந்திருப்பான்.

மும்பையில் அப்படித்தான் நடந்தது. 2008 நவம்பர் 26-ல் தொடங்கிய அந்த மூன்று நாள் பயங்கரத்தில் உயிரிழந்த 166 பேரில், பெரிய ஓட்டல்களில் தங்கிய செல்வந்தர் உண்டு. அவர்களுக்கு உணவு பரிமாறியவர் உண்டு. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு ஊருக்குப் போகக் காத்திருந்த ஏழைகள் உண்டு. யூத மையமான நரிமன் இல்லத்தில் தாயும் தந்தையும் கொல்லப்பட, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தவள் அவ்வீட்டில் பணிசெய்த இந்தியத் தாதி. கிர்காவ் கடற்கரையருகே வெறுங்கையோடு துப்பாக்கியின் குழலைப் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தன் உடலில் வாங்கி, கொலையாளி ஒருவனை உயிரோடு பிடிபடச் செய்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேவுக்கு அந்த இடத்தின் அருகிலேயே சிலை நிற்கிறது. சங்ககாலத்தவர் எழுந்து வந்து பார்த்தால் அதை நடுகல் என்றே சொல்லி, கள்ளும் பூவும் படைப்பார்கள்.

நடுகல் மறவர்க்கு அல்லவா, சண்டையிடாமல் மாண்டவர்க்கு எதற்கு என்று ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. கல்லைக் கண்டு தேர்ந்து, எடுத்து வந்து, நீராட்டி, நாட்டி, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்கு முறை வகுத்தது வீரனுக்காகத்தான். ஆனால் நம் முன்னோரின் நெஞ்சு அந்த இலக்கணத்தைவிட விசாலமாக இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், தன் எஜமானன் விழுந்த இடத்தில் கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் உருவமும் பெயரும் கொடுத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு போர்ச் சேவலுக்குக் கல் நிற்கிறது. நன்றிக்குரிய ஜீவன் எதுவாயினும் அதன் பெயரைக் கல்லில் ஏற்றத் தயங்காத சமூகம் நம்முடையது. அத்தகைய சமூகம், தன் நகரத்தின் வீதியில் தன் காரியமாக நடந்துபோன குற்றத்துக்காக உயிரிழந்த மனிதர்களுக்கு ஒரு கல் நாட்ட, அவர்கள் வாளெடுத்தார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிற தேசத்தார் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11-ல் இடிந்து விழுந்த இரட்டைக் கோபுரங்களின் அடித்தளம் இருந்த இடத்திலேயே இரண்டு பெருந்தடாகங்களை வெட்டி, அவற்றின் விளிம்பெங்கும் வெண்கலத் தகடு பதித்து, 2,983 பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். பெயர்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. குடும்பத்தாரிடம், ‘உங்கள் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்க வேண்டும்?’ என்று கேட்டு, ஒரே அறையில் வேலை செய்தவர்களையும், நண்பர்களையும், உறவினரையும் அருகருகே அமைத்தார்கள். எழுத்துகள் தகட்டின் மறுபுறம்வரை ஊடுருவி வெட்டப்பட்டிருப்பதால், இரவில் ஒவ்வோர் எழுத்தின் வழியாகவும் வெளிச்சம் வருகிறது. அதைவிட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. மாண்டவர்களில் எவருக்கு அன்று பிறந்த நாளோ, அவருடைய பெயரின் எழுத்தினுள் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகிவைக்கிறார்கள். இறந்த தேதி ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்று. பிறந்த தேதியோ அவரவருக்கே உரியது. கொலையாளி ஒன்றாக்கிப் போட்டவர்களை ஒரு பூ மீண்டும் தனித்தனி மனிதராக்கிவிடுகிறது.

நமக்கு மிக அருகே, 2019-ல் ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் நடந்த தாக்குதல்களில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தின் முற்றத்தில் தமிழ்க் குழந்தைகள் பலர் மாண்டனர். ஞாயிற்றுப் பள்ளி முடிந்து வெளியே வந்திருந்தவர்கள். அதைப் பற்றி மேலும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நம் வழக்கங்களில் அஞ்சலிக்கு வேண்டியதெல்லாம் ஏற்கனவே இருக்கிறது. இறந்தவரைக் கல்லில் ஆவாகனம் செய்து, காரியம் முடிந்தபின் அக்கல்லை நீரில் விடுகிறோம். திதி கொடுக்கும்போது மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். முஸ்லிம் வீடுகளில் பெயர் சொல்லிப் பாத்திஹா ஓதுகிறார்கள். நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாளன்று கொடைக்கானல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். இந்த ஊரின் மழைக்கும் மூடுபனிக்கும் ஆறே மாதத்தில் கல்லின் மேல் பாசி படர்ந்து எழுத்து மறைந்துவிடும். ஆகவே குடும்பம் குடும்பமாக வாளியும் தேங்காய் நாருமாக வந்து, மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன் கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். ஒரு வருஷம் அங்கே ஒரு மூதாட்டியைக் கண்டேன். கல்லைத் தேய்த்து முடித்தபின், எழுத்துப் பள்ளங்களில் தங்கிய பச்சையைத் துடைப்பக் குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். “தெரியாது தம்பி. ஆனா அஞ்சு எழுத்துன்னு தெரியும். அஞ்சும் தெரியணும்ல?” என்றார். ஐந்தும் துலங்கிய பின்னரே அவர் வத்தியை ஏற்றினார்.

கோவையில் மாண்டவர் எவருடைய பெயரையும் நான் இக்கட்டுரையில் எழுதவில்லை. இருவர் மூவரை எழுதி மற்றவரை விடுவது சரியாகாது என்பது ஒரு காரணம். அந்தப் பெயர்களை உலகுக்குச் சொல்லும் உரிமை முதலில் அவர்தம் குடும்பத்தாருக்கே உண்டு என்பது மற்றொன்று. அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, கோயம்புத்தூரின் பொது இடம் ஒன்றில் ஒரு கல் நிற்க வேண்டும். அதில் 58 பெயர்களும், அவரவர் பிறந்த ஊரும் பொறித்திருக்க வேண்டும். அருகே, முந்திய நவம்பரில் உயிரிழந்தவர்களின் பெயர்களும். திறந்து வைத்தவர் பெயர் அக்கல்லில் வேண்டாம். கை கால் இழந்தும் பார்வை செவி இழந்தும் இத்தனை ஆண்டுகளாக வலியோடு வாழ்ந்துவரும் காயமுற்றோரே அதைத் திறக்கட்டும். அவர்களுடைய வைத்தியத்துக்கும் ஜீவனத்துக்கும் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வது அக்கல்லுக்குப் போடும் முதல் மாலையாகட்டும்.

கல் வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிப்ரவரி 14-ஆம் தேதி பிற்பகல் 3.50-க்கு, கோவையில் இருந்தாலும், பழனி அடிவாரத்தில் இருந்தாலும், இந்த மலையின் மேல் இருந்தாலும், இரண்டு நிமிஷம் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு நில்லுங்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றை நீங்கள் அறிந்திருந்தால், அன்று அவர்கள் வீட்டுக்குப் போய், குண்டு எப்படி வெடித்தது என்று கேளாமல், இறந்தவர் எப்படி இருந்தார், எதற்குச் சிரிப்பார் என்று கேளுங்கள். பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின் பழனிமலைச் சரிவுகளில் குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்து உதிர்ந்துவிட்டது. அடுத்து அது பூக்கப்போவது 2030-ல். அதற்குள் அந்தக் கல் நின்றாக வேண்டும்.